பட்டியலில் நான்காவது ஆள்

ஜனவரி 6

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நானும் என் வீட்டு வேன்காரம்மாவும் இங்கே சுகம். உன் முழங்கால் வலி விட்டதா?

முதலில் கண் சமாச்சாரம். வலது கண்ணில் விழித்திரை கழன்றுகொண்டது என்று நவம்பரில் அறுத்தார்களே, அது நன்றாக ஆறிவிட்டது. கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்ததால் பத்து நாள் குப்புறவே கிடந்தேன். எங்கள் வீட்டுத் தரையில் எந்த ஓட்டில் எத்தனை விரிசல் என்று கேள், தூக்கத்தில்கூடச் சொல்வேன். வேன்காரம்மா பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, "என்ன, இன்னும் தரையோடதான் பேச்சுவார்த்தையா?" என்று கேட்பாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டேன். முதல் நாளே பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோனது. உள்ளே ஒரு வக்கீல். "ப... ப... பயப்படாதீங்க சார், வந்துட்டேன்" என்றேன். "யோவ், நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் கிழவனாயிடுவேன். கதவைத் திற" என்றார். திறந்ததும் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. இந்தத் திக்கலுக்காகத்தான் அக்கா நான் உன்னோடு ஃபோனில் பேசுவதில்லை. காகிதத்தில் எனக்கு வாய் திக்குவதில்லை.

பிப்ரவரி கடைசியில் மறுபடி ரத்தம் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பெட்ரோல் பங்க்காரர் மகள் இருக்கிறாளே, ரத்தம் சரியாக ஊறாத ஒன்பது வயதுக்காரி, என்னைக் கண்டாலே "என் டேங்க் வந்தாச்சு" என்பாள். என் வகை ரத்தம் இந்த ஊரில் ஏழெட்டுப் பேரிடம்தான் இருக்கிறதாம்.

நீ இன்னும் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறாயா? உன் வேலை என்னவென்று வேன்காரம்மா கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதிலை எதிர்பார்க்கும்,
தம்பி


ஜனவரி 21

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்லும். உன் கண் ஆறியதைப் படித்ததும் எனக்கே பார்வை தெளிந்த மாதிரி இருந்தது.

வேன்காரம்மாவுக்கு இப்படிச் சொல். மூளையில் ஒரு புரதம் இருக்கிறது. சட்டை மடித்து அடுக்கிய அலமாரி என்று வைத்துக்கொள். ஒரு சட்டை தப்பாக மடிந்தால், பக்கத்துச் சட்டையும் அதைப் பார்த்துத் தப்பாக மடிந்துகொள்கிறது. பிறகு அலமாரி முழுக்க. அதுதான் பிரியான் நோய். பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு வரும். வந்தால் சில மாதம்தான். மருந்து கிடையாது. யாருக்கு வந்தது, எப்படி வந்தது, இன்னொருவருக்குப் போக வழி உண்டா என்று ஒருவர் விடாமல் பதிவு செய்வது எங்கள் பிரிவு. பழைய நர்ஸ் என்பதால் குடும்பத்தாரிடம் பேசும் வேலை எனக்கு.

போன வாரம் ஒரு வீடு. பெயர், ஊர் சொல்லக் கூடாது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. கோடு போட்ட நோட்டில் கோடுகள் வளைந்து தெரிகின்றன என்றுதான் ஆரம்பித்திருக்கிறார். கண் கோளாறு என்று நினைத்து வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணின் பின்பக்கம் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். கோளாறு கண்ணில் இல்லை, மூளையில். இரண்டு மாதத்தில் மகள் பெயரே மறந்துபோய் இறந்துவிட்டார். "கடைசியில என்னை 'டீச்சர்'னு கூப்பிட்டாங்க" என்றாள் மகள். எழுபது கேள்வி கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "இதெல்லாம் எதுக்கு, அம்மாவா திரும்பி வரப்போறாங்க?" என்றாள்.

வேலை இனிமேல்தான். அந்தப் புரதம் ஆவியில் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. ஆகவே அவருக்குப் பயன்படுத்திய கருவிப் பெட்டியைத் தேடிப் பிடித்து ஒதுக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி பட்ட முதல் பத்துப் பேரின் பட்டியலை வாங்க வேண்டும். ஆஸ்பத்திரி எது என்று மகள் காகிதங்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் கறுப்புக் கண்ணாடி போடு.

உன்னையே நினைக்கும்,
அக்கா


பிப்ரவரி 12

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ அங்கே நலமா? சட்டை அலமாரி கதையைக் கேட்டதிலிருந்து வேன்காரம்மா என் சட்டையை மடிக்க மாட்டேன் என்கிறாள். "தப்பா மடிச்சா ஊருக்கே ஆபத்தாமே, நீங்களே மடிச்சுக்குங்க" என்று சாக்கு.

வேறு விசேஷமில்லை. இருபத்தைந்தாம் தேதி ரத்த வங்கிக்குப் போகிறேன். ஆஸ்பத்திரி பெயர் கிடைத்ததா?

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 18

தம்பிக்கு,

நலமா? சுருக்கமாக எழுதுகிறேன், வேலை அதிகம்.

உன் அறுவை சிகிச்சை நவம்பர் பதினான்குதானே? காலையா, மதியமா? உனக்கு முன்னால் அன்றைக்கு எத்தனை பேர்? நினைவிருப்பதை எழுது.

ரத்தம் இப்போது கொடுக்க வேண்டாம். கண் அறுத்தவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறி இறங்கக் கூடாது. ஒரு வருடம் போகட்டும். அக்கா சொல்வதைக் கேள்.

உறக்கம் நன்றாக வருகிறதா? நடக்கும்போது தள்ளாட்டம் ஏதும் உண்டா? பெயர்கள் மறக்கின்றனவா?

அக்கா


மார்ச் 2

அன்பு அக்காவுக்கு,

நலம். ஆனால் உன் கடிதம் ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருந்தது. வேன்காரம்மாவை நீ விசாரிக்கவே இல்லை. கோபமா?

பதினான்காம் தேதிதான். மதியம் இரண்டு மணி. எனக்கு முன்னால் காலையில் ஒருவர். அடுத்து ஒரு பெரியவர் போக வேண்டியது. அவருக்குச் சர்க்கரை எகிறிப்போய், "நீங்க வாங்க, அவர் சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று என்னை முன்னால் கூப்பிட்டுவிட்டார்கள். நமக்கு எப்போதாவது இப்படி வரிசையில் முன்னால் இடம் கிடைத்திருக்கிறதா? அதிர்ஷ்டம்தான்.

நீ சொன்னதால் ரத்தம் கொடுக்கவில்லை. பங்க்காரர் வீட்டு வாசல் வரை வந்தார். "உடம்பு சரியில்லையா தம்பி?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. வாய் வேறு திக்கியது. எப்படியோ வெளியூரிலிருந்து ஒரு பாட்டில் வரவழைத்துவிட்டார். ஆனால் போகும்போது அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

நன்றாகத்தான் தூங்குகிறேன். நேராகத்தான் நடக்கிறேன். உன் பெயர்கூட மறக்கவில்லை.

பதில் போடு,
தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

நலந்தானே? ஒரு மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், நான்கு காகிதம் கிழித்தேன். அவ்வளவுதான்.

இங்கே ஆபீஸில் ஒரு கூட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. முதலில் தலைவருக்குக் காய்ச்சல், அப்புறம் வக்கீல் கருத்து வேண்டும் என்றார்கள், இப்போது வேறு காரணம். அந்தக் கூட்டம் முடிந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

கால் மரத்துப்போகிறதா? எழுத்துகள் வளைந்து தெரிகின்றனவா? காரணமில்லாமல் கோபம் வருகிறதா? தவறாமல் எழுது. டைப் அடிக்காதே, வழக்கம்போல் கையால் எழுது.

ரத்தம் வேண்டாம். காரணம் கேட்காதே. வேன்காரம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நான் நலம். உன் கேள்விகளை எண்ணிப் பார்த்தேன். இரண்டு கடிதத்தில் எட்டு. எட்டும் என் உடம்பைப் பற்றி.

கண் டாக்டரிடம் போய் வந்தேன். "ரத்தம் கொடுக்கலாமா சார்?" என்றேன். "தாராளமா. யார் வேணாம்னா?" என்றார். "எங்க அக்கா, பழைய நர்ஸ்" என்றேன். "கண்ணுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ என்னிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அம்மா இறந்த அன்றுகூட உண்மையைத்தான் சொன்னாய்.

மே மூன்றாம் தேதிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்குள் காரணம் வந்தால் போக மாட்டேன். வராவிட்டால் போவேன். அந்தப் பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறதாம்.

தம்பி


ஏப்ரல் 25 — விரைவுத் தபால்

என் தம்பிக்கு,

போகாதே.

நான் இந்த வேலையில் சேர்ந்த நாளில் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டில் பார்த்ததை, பதிவேட்டில் இருக்கும் ஆளிடம்கூட, குழு அனுமதிக்காமல் சொல்லக் கூடாது. அது நல்ல விதிதான். பயந்துபோன குடும்பங்கள் என்னை நம்பி வாய் திறப்பது அதனால்தான். இத்தனை வருடம் அந்த விதி எனக்குச் சுவர் மாதிரி தெரிந்ததில்லை.

மே இரண்டாம் தேதி அந்தக் கூட்டம் நடக்கிறது. அங்கே நான் எழுந்து நின்று ஒன்றைச் சொல்லப்போகிறேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. சொன்னால் கோப்பை என் கையிலிருந்து வாங்கிவிடுவார்கள், அப்புறம் எனக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விடும் என்று பயந்தேன்.

நீ புத்திசாலி. இதற்கு மேல் என்னை எழுத வைக்காதே. மே மூன்றாம் தேதி வீட்டில் இரு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


மே 24

அக்காவுக்கு,

போகவில்லை. அது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். உங்கள் ஆட்கள் வந்துவிட்டுப் போனார்கள்.

ஒரு டாக்டரம்மா, கூடக் கோப்போடு ஒருவர். வேன்காரம்மா வேலைக்குப் போன நேரம். உட்கார்ந்து, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி மரியாதையாகப் பேசினார்கள். "உங்களுக்கு நோய் இருக்குன்னு நாங்க சொல்லலை. வர வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு" என்றார் டாக்டரம்மா.

"டெ... டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?"

"வர்றதுக்கு முன்னாடி கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்லைங்க."

"எ... எத்தனை நாள் இப்படி?"

அவர் பதில் சொல்வதற்கு முன் பேனாவை மூடினார். "வருஷக்கணக்கா இருக்கலாம். ஆயுசு முழுக்க ஒண்ணுமே ஆகாமலும் இருக்கலாம்" என்றார். இனி ரத்தம் கொடுக்கக் கூடாது. எந்த ஆபரேஷனுக்கு முன்னாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கையில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். அந்தக் கருவிப் பெட்டி பட்ட பத்துப் பேரில் நான் நான்காவது ஆளாம்.

நான் ஆயிரம் பேரை லிஃப்டிலிருந்து வெளியே எடுத்திருக்கிறேன். உள்ளே நிற்பவன் எத்தனை மாடி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும். இவர்களுக்குத் தெரியவில்லை.

எனக்கு ஆற்றாமை நோயைப் பற்றி அல்ல. நீ நலமா நலமா என்று கேட்டாயே, அது பாசம் என்று நினைத்தேன். பாதி எரிச்சலோடுதான், ஆனாலும் பாசம் என்றுதான் நினைத்தேன். நீ கடிதம் எழுதவில்லை, படிவம் பூர்த்தி செய்திருக்கிறாய். கையால் எழுது என்றாய். எதற்கென்று இப்போது புரிகிறது.

கொஞ்ச நாள் எழுதாதே.

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி பதினாறு, மதியம். பட்டியல் உறையை நான்தான் பிரித்தேன். நான்காவது வரியில், தகப்பன் பெயர் எழுதும் கட்டத்தில் நம் அப்பா பெயர் இருந்தது. அதன் பக்கத்தில் உன் பிறந்த தேதி. அந்தத் தேதியில் உன்னைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தார்கள். எனக்கு ஏழு வயது. உறையை மறுபடி ஒட்ட முடியுமா என்று பார்த்தேன். அவ்வளவு முட்டாள்தனம்.

மே இரண்டாம் தேதி நடந்தது இதுதான். குழுவில் பாதிப் பேர், "சொல்லி என்ன ஆகப்போகுது? மருந்து இருக்கா? நிம்மதியா இருக்கிறவங்களை எதுக்குக் கெடுக்கணும்?" என்றார்கள். நான் எழுந்தேன். "நாலாவது ஆள் நாளைக்கு ரத்தம் கொடுக்கப் போறார்" என்றேன்.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் தம்பி."

"எத்தனை நாளா தெரியும்?"

"எழுபத்தஞ்சு நாளா."

வெளியே போய் உட்காரச் சொன்னார்கள். ஒரு மணி நேரம். பிறகு டைரக்டரே வந்து, "பத்துப் பேருக்கும் நேர்ல போய்ச் சொல்றதுன்னு முடிவு. உங்களைத் தவிர" என்றார். விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கிறேன்.

நீ சொன்னது உண்மை. உன் பழைய கடிதங்களை மேசையில் பரப்பி, புதியதைப் பக்கத்தில் வைத்து, எழுத்து நடுங்குகிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நடுங்கவில்லை. அப்புறம்தான் நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று படித்தேன். அந்த வரிசையை மாற்ற எனக்குத் தெரியவில்லை. பாசம் எது, கண்காணிப்பு எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நீ எழுதும் வரை காத்திருப்பேன். உடம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா


ஜூலை 15

அன்பு அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? நிஜமாகவே கேட்கிறேன். தனியாக நான்கு சுவருக்குள் என்ன செய்கிறாய்?

உன் கடிதத்தை ஆறு வாரம் வைத்திருந்தேன். இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. வேன்காரம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

அந்தக் காகிதம் என் வேலைப் பையில், ஸ்பானருக்கு அடியில் கிடக்கிறது. தினம் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். வண்டியில் ஏறும் பிள்ளைகள் அடித்த லூட்டியை நடித்துக் காட்டுகிறாள். நான் சிரிக்கிறேன். "என்ன, ரெண்டு மாசமா ஒரு மாதிரி இருக்கீங்க?" என்கிறாள். "வே... வேலை" என்கிறேன். திக்குவதால் பொய் சொல்வது எனக்குச் சுலபமாகிவிட்டது, அக்கா. யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

சொன்னால் அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். சொல்லாவிட்டால் நான் அவளைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது. நீ எழுபத்தைந்து நாள் தாங்கினாய். எப்படி என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

தம்பி


ஜூலை 22

என் தம்பிக்கு,

நான் தாங்கவில்லை. அதுதான் பதில். உனக்கு நான்கு வரிக் கடிதமும் எனக்கு நாள் முழுக்கப் பூதக்கண்ணாடியும். அதற்குப் பெயர் தாங்குவதா?

அவளிடம் சொல். நான் சொல்ல மாட்டேன், அது என் வாயிலிருந்து போகக் கூடாத சேதி. ஆனால் அவள் என்னைக் கேட்டால், "நலம், வேலை அதிகம்" என்று இன்னொரு முறை எழுத என் கை வராது.

விசாரணை முடிந்தது. வேலை இருக்கிறது. வீடுகளுக்குப் போகக் கூடாது, பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் கிடையாது, ஆனால் நாற்காலி நல்ல நாற்காலி.

உன் பக்கத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொள்,
அக்கா


ஆகஸ்ட் 11

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வேன் ஓட்டுபவள் எழுதுகிறேன். எனக்கு உங்கள் இருவரையும் போல எழுத வராது. உங்கள் தம்பி நலம். நானும் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

வண்டிக்கு டீசல் போடப் போனேன். பங்க்காரர், "உங்க வீட்டுக்காரர் ஏன்மா இப்பல்லாம் ரத்தம் கொடுக்கிறதில்லை? எங்க மேல ஏதும் வருத்தமா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து, "எனக்குத் தெரியாம என்ன நடக்குது?" என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தவர் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டார். நான் எப்போதும் அவருக்காக வாக்கியத்தை முடித்துவிடுவேன். அன்றைக்கு என்னால் முடிக்க முடியவில்லை, என்ன வாக்கியம் என்றே தெரியாதே. முழுதாகச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

எனக்குக் கோபம் அண்ணி. அவர் மீதும், உங்கள் மீதும். உடன்பிறந்தவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் குழந்தையாக்கிவிட்டீர்கள். முப்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினம் ரோட்டில் போகிறவள் நான். பயம் எனக்குப் புதிதல்ல. மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் பங்க்காரரிடம் நானே போய், "இனிமே அவரால முடியாது, டாக்டர் சொல்லிட்டாங்க. உங்க மேல வருத்தம் ஒண்ணுமில்லை" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. வண்டி ஓட்டும் பெண்கள் நான்கு பேரைப் பரிசோதிக்க அழைத்துப் போனேன். ஒருத்திக்கு அதே வகை ரத்தம். இப்போதைக்கு அது போதும்.

இனிமேல் எங்கள் இருவர் பெயருக்கும் சேர்த்து எழுதுங்கள். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள். நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவேன். இதோ ஒன்று, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை உங்கள் தம்பி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கையிலிருந்து கண்ணாடி டம்ளர் நழுவித் தரையில் விழுந்து சிதறியது. நான் டம்ளரைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"சோ... சோ... சோப்பு" என்றார்.

"தெரியும்" என்றேன்.

இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம்.

உங்கள் அன்பை மறவாத,
வேன்காரி